நாற்பத்தோராவது அடிக்குறிப்பு

மகனே,

உன் புத்தகத்தின் நாற்பத்தோராவது அடிக்குறிப்பை எடுத்துவிடு. இந்தக் கடிதத்தில் நான் கேட்கப்போவது அது ஒன்றுதான். மாதக் கடைசிக்குள் அச்சுப் புரூஃபைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று எழுதியிருந்தாய். அவசரம் என்றால் இதோடு மடித்து வைத்துவிட்டு அந்த வேலையை முதலில் முடி. நேரம் இருக்கும்போது மிச்சத்தைப் படி. கோழிக் கிறுக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள். முப்பது வருஷமாக நான் எழுதியதையெல்லாம் உன் அம்மாதான் டைப் செய்து கொடுத்தாள். இதை மட்டும் அவளிடம் கொடுக்க முடியவில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும். படித்த பிறகு இதை யாருக்கு வேண்டுமானாலும் காட்டு. நீ கல்யாணம் செய்துகொள்ளப்போகிற பெண்ணுக்கு அவள் மொழியில் சொல்லு. அதனால் உனக்குத் தெரிந்த விஷயங்களையும் கொஞ்சம் விளக்கித்தான் எழுதுகிறேன். வாத்தியார் புத்தி எங்கே போகும்?

தாம்பரத்துக் கல்லூரியில் மொழியியல் சொல்லிக்கொடுத்தேன் என்று வெளியே சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் வாரத்துக்கு இரண்டு பீரியட் மொழியியல், மிச்ச நேரமெல்லாம் முதலாண்டுப் பையன்களுக்கு ஆங்கில இலக்கணம். கிரேக்கமும் லத்தீனும் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நானே முட்டி மோதிப் படித்துக்கொண்டேன். ஒரு கட்டுரை வேண்டுமென்றால் வெளிநாட்டு நூலகத்துக்கு எழுதிப் போட்டுவிட்டு ஏழெட்டு மாதம் தபால்காரர் வழியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நீ மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு விரலால் அதே கட்டுரையைத் திறக்கிறாய். அதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. பெற்ற பிள்ளையைப் பார்த்து வயிறெரியலாமா என்று கேட்டால், கூடாதுதான். ஆனாலும் எரிகிறது, சொல்லிவிடுகிறேன்.

எனக்கென்று இருந்தது ஒரே ஒரு வினைவேர். தங்குதல், வழியில் ராத்தங்குதல் என்று அதற்குப் பொருள். இந்தியாவிலிருந்து அயர்லாந்து வரைக்கும் பரவிக் கிடக்கிற மொழிகளுக்கெல்லாம் ஒரு மூலமொழி இருந்தது, அதை எழுதி வைத்தவர் யாருமில்லை. பிள்ளை மொழிகளில் கிடக்கிற சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒலிகள் மாறிய விதிகளைப் பின்னோக்கி ஓட்டி, தாய்ச் சொல் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று கண்டுபிடிக்கிறோம். சமஸ்கிருதத்தில் வஸதி என்றால் தங்குகிறான். பழைய கிரேக்கத்திலும் பழைய ஐரிஷிலும் இரவைக் கழிப்பதற்கு அதே வேரிலிருந்து சொற்கள் உண்டு. ஆங்கிலத்தின் 'வாஸ்', நீ தினமும் பேசுகிற ஜெர்மனின் 'வார்' எல்லாம் அதன் சந்ததிதான். நாம் தாம்பரத்தில் 'வசிக்கிறோம்' என்று சொல்வது மட்டும் அந்த வீட்டில் பிறந்த பிள்ளை இல்லை, வடமொழியிலிருந்து வாங்கிக்கொண்டது, அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இப்படி ஒரு வேருக்காக நான் பதினோரு வருஷம் செலவழித்தேன். அந்தப் பதினோரு வருஷத்தில் உன்னை ஒருநாள் கூடக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனதில்லை என்று நீ ஒருமுறை சொன்னாய். இரண்டு முறை போயிருக்கிறோம், உனக்கு ஞாபகமில்லை.

உன் அம்மா அப்போது மேற்குத் தாம்பரத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். டைப்பிங் ஹையர் பரீட்சையில் முதல் வகுப்பு. அவளிடம் படிக்கிற பெண்கள் ஒரு எழுத்து தப்பாக அடித்தால் அழிக்க விடமாட்டாள், தாளை உருவிப் போட்டுவிட்டு முதலிலிருந்து அடிக்கச் சொல்வாள். என் கட்டுரைகளை இன்ஸ்டிடியூட்டிலிருந்து வந்த பிறகு சாயங்காலம் உட்கார்ந்து அடிப்பாள். மேலே ஒன்று, கார்பன் வைத்துக் கீழே இரண்டு. எழுத்துக்கு மேலும் கீழும் வர வேண்டிய கோடு, புள்ளிகளை நான் பிறகு பேனாவால் போட்டுக்கொள்வேன். அவளுடைய மெஷினில் நட்சத்திரக் குறிக்குச் சாவி கிடையாது. உருளையை அரை வரி திருப்பி, சின்ன எக்ஸ் அடித்து, பின்னுக்குத் தள்ளி, அதன்மேல் ஒரு சிறு கோடு அடித்து, மறுபடி உருளையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவாள். ஒரு நட்சத்திரத்துக்கு இத்தனை வேலை. முதல் நாளே கேட்டாள்.

"இத்தனை ஸ்டார் எதுக்குங்க?"

"யாரும் எழுதியும் பார்க்கல, பேசியும் கேக்கல, ஆனா இருந்திருக்கணும்னு நாம கண்டுபிடிக்கிற வடிவம். அதுக்கு முன்னாடி இதப் போடணும். படிக்கிறவன் ஏமாறக் கூடாதில்ல."

"அப்போ இது நீங்களா நினைச்சுக்கிட்டது."

"நினைச்சுக்கிட்டது இல்ல. விதிப்படி வந்தது."

"சரி, ஸ்டார் போட்டா உங்களோடது, போடலன்னா ஊரோடது" என்றாள். நான் வகுப்பில் இரண்டு பீரியட் எடுத்துச் சொல்வதை அவள் அந்த ஒரு வரியில் முடித்துவிட்டாள். அப்போது சிரித்தேன்.

என் கட்டுரையின் வாதம் உனக்குத் தெரியும். அந்த வேருக்கு ஆதியில் வீட்டில் தங்குவது என்ற பொருள் இல்லை, பயணத்தில் போகிறவன் மிருகத்தின் முதுகிலிருந்து சுமையை இறக்குவதுதான் முதல் பொருள், தங்குவது பின்னால் வந்தது என்று எழுதினேன். அழகான வாதம். இன்றைக்கும் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சுமையை இறக்குவது என்ற பொருளோடு ஒரு மொழியில் கூட அந்தச் சொல் கிடைக்கவில்லை. வடமேற்கு மலையில் ஒரு சின்ன மொழியில் அது இருந்திருக்கலாம் என்று தோன்றியது. இருந்திருந்தால் என்ன வடிவத்தில் இருக்கும் என்று விதிப்படி கண்டுபிடித்து, நட்சத்திரம் போட்டு எழுதினேன். அந்தக் கையெழுத்துப் பிரதியைப் பார்த்த எங்கள் துறைப் பெரிய மனிதர் ஒருவர் ஓரத்தில் பென்சிலால் 'சான்று எங்கே?' என்று இரண்டே வார்த்தை எழுதித் திருப்பி அனுப்பினார். அந்தச் சமயத்தில்தான் ரீடர் பதவிக்கு நேர்முகத் தேர்வு வந்தது. என்னோடு போட்டி போட்டவர் என்னைவிட ஏழு வயது சின்னவர், டெல்லியில் படித்தவர், வாயைத் திறந்தால் பிரெஞ்சு.

பல்லாவரத்தில் ஒரு ஸ்டேஷனரி கடையில் எழுத்தை மறைக்கும் வெள்ளைத் திரவம் ஒரு சீசா வாங்கினேன். தாம்பரத்தில் வாங்கியிருக்கலாம், அங்கே கடைக்காரருக்கு உன் அம்மாவைத் தெரியும். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், ஏதோ கை தவறி, சபலத்தில், ஒரு நிமிஷத்தில் நடந்துவிட்டது என்று நீ எனக்காகக் காரணம் கண்டுபிடித்துக்கொள்ளக் கூடாது. பஸ் ஏறிப் போய் வாங்கினேன். டிபார்ட்மெண்டில் யாருமில்லாத நேரம் பார்த்து அந்த மலைமொழிச் சொல் வருகிற மூன்று இடங்களிலும் நட்சத்திரத்தின்மேல் தடவி, காயும் வரை ஊதிக்கொண்டிருந்தேன். மற்ற நட்சத்திரங்களைத் தொடவில்லை. நட்சத்திரம் போனவுடன் அது யாரோ ஒரு மலைக்காரன் சொல்லி யாரோ கேட்ட சொல்லாகிவிட்டது. கட்டுரை வந்தது, பதவியும் வந்தது. இரண்டு வருஷம் கழித்து ஒரு பெரிய அகராதி அந்தச் சொல்லைச் சேர்த்துக்கொண்டது. அதைப் பார்த்த அன்று எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. பயம் பிறகுதான் வந்தது.

நீ அந்த வேரையே எடுத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்யப்போகிறேன் என்று சொன்னபோது மற்ற அப்பாக்கள் என்றால் பூரித்துப்போயிருப்பார்கள். நான் உன்னை வேறு திசைக்குத் தள்ளப் பார்த்தேன். நாவலூர்ப் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வாரி வாரி எடுக்கிறார்கள், மொழி கிழியெல்லாம் சோறு போடாது என்று கத்தினேன். உன் எதிர்காலத்துக்காகக் கத்துகிறேன் என்று நீயும் நினைத்தாய், உன் அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள் என்று நான் நினைத்தேன். நீ பிடிவாதமாகப் போனாய். போனவன் நூலகத்தோடு நின்றாயா? அந்த மலைக்கே போய் இரண்டு மாதம் உட்கார்ந்து, கிழவர்களையும் கழுதை ஓட்டுகிறவர்களையும் பிடித்துக் கேட்டிருக்கிறாய். அப்படி ஒரு சொல் எங்களிடம் இல்லவே இல்லை என்று அத்தனை பேரும் சொல்லியிருக்கிறார்கள்.

போன மாதம் நீ வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை காலையை நீ மறந்திருக்க மாட்டாய். தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அம்மா அடுப்படியில் இருந்தாள்.

"அப்பா, அந்த மலைமொழிச் சொல்ல எங்கேர்ந்து எடுத்தீங்க? அங்க ஒருத்தருக்கும் தெரியல."

"அதுக்கு முன்னாடி ஸ்டார் இருக்கணுமே" என்றேன்.

"இல்லையே. மூணு இடத்துலயும் இல்ல."

"அப்போ டைப்பிங்ல விட்டுப்போயிருக்கும். உங்கம்மாதான் அடிச்சா."

வாய் கூசாமல் சொன்னேன். யோசிக்கக்கூட இல்லை, அந்தப் பதில் இருபது வருஷமாக நாக்கு நுனியில் தயாராக இருந்திருக்கிறது. உன் முகத்தைப் பார்த்தேன். உனக்கு என்ன நிம்மதி. மூன்று இடத்திலும் ஒரே சொல்லுக்கு மட்டும் நட்சத்திரம் விட்டுப்போகுமா என்று ஜெர்மனி வரை போய்ப் படித்த உனக்குத் தோன்றவில்லை. வேறு யாராவது அந்தப் பதிலைச் சொல்லியிருந்தால் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பாய். அப்பா பொய்யனாக இருப்பதைவிட அம்மா கவனமில்லாதவளாக இருப்பது உனக்கும் வசதியாக இருந்தது. உன் அம்மா தோசைத் திருப்பியோடு வாசல்படி வரை வந்து நின்றாள். "ஆமாப்பா, விட்டிருப்பேன். அப்போ உனக்கு அம்மை போட்டிருந்துச்சு, கவனமே இல்ல" என்றாள். உனக்கு அம்மை போட்டது அதற்கு முந்தின வருஷம். நீ சிரித்துக்கொண்டே, "ம்மா, உன்னால எங்கயுமே இல்லாத ஒரு பேய்ச்சொல்லு இருபது வருஷமா டிக்‌ஷனரியில உக்காந்திருக்கு" என்றாய். அவளும் சிரித்தாள். நான் இன்னொரு தோசை கேட்டேன்.

உன்னை மீனம்பாக்கத்தில் விமானம் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது ஆட்டோவில் வந்தோம். டிரைவர் கண்ணாடியில் உன் அம்மாவைப் பார்த்துக்கொண்டே வந்தவர், குரோம்பேட்டை தாண்டியதும் கேட்டுவிட்டார்.

"மேடம், நீங்க வெஸ்ட்டு தாம்பரத்துல டைப்பு கத்துக்குடுத்தவங்கதானே? எங்க பொண்ணு உங்ககிட்டதான் கத்துகினா. இன்னிக்கு கோர்ட்டுல வேலைல கீது. மேடம் கையில ஒரு தப்பு பாக்க முடியாதுன்னு வூட்ல சொல்லிகினே இருக்கும் சார்."

"நானும் தப்பு அடிச்சிருக்கேம்பா" என்றாள் உன் அம்மா.

அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். சானடோரியம் வரை அவர் மகளைப் பற்றியே பேச்சு. நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். பல வருஷங்களுக்குப் பிறகு எனக்கு உடம்பு கூசியது அந்த ஆட்டோவில்தான். வீட்டுக்கு வந்ததும் பேசலாம் என்று நினைத்தேன். வந்ததும் டிவி போட்டுக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து நீ புரூஃபை ஈமெயிலில் அனுப்பினாய். எனக்குத்தான் கம்ப்யூட்டர் வராதே, உன் அம்மாவின் டிடிபி கடை முகவரிக்கு அனுப்பினாய். இன்ஸ்டிடியூட்டை மூடிய மறு மாதமே அவள் கம்ப்யூட்டரைப் பழகிக்கொண்டு கடை போட்டதைப் பற்றி உன் நண்பர்களிடம் பெருமையாகச் சொல்வாயே, அந்தக் கடைதான். அவளே பிரிண்ட் எடுத்து, அடுக்கி, பின் அடித்துக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். நாற்பத்தோராம் அடிக்குறிப்பில், நட்சத்திரக் குறி விடுபட்டது தட்டச்சாளரின் பிழை என ஆசிரியர் நேரில் தெரிவித்தார் என்று போட்டிருக்கிறாய். முன்னுரையில், அப்பாவின் கட்டுரைகள் அனைத்தையும் தட்டச்சு செய்த அம்மாவுக்கு நன்றி என்று பெயரோடு எழுதியிருக்கிறாய். இரண்டையும் சேர்த்துப் படிக்க மொழியியல் தெரிய வேண்டியதில்லை.

"இதையெல்லாம் யார் படிக்கப்போறா, வெளிநாட்டுல நாலு பேர்" என்றேன் அவளிடம்.

"நான் படிச்சேனே" என்றாள்.

பீரோவைத் திறந்து ஒரு பழைய ஃபைலை எடுத்து வந்தாள். கார்பன் பிரதி. நான் தடவியது மேல் தாளில்தானே, கார்பனில் மூன்று நட்சத்திரமும் அப்படியே இருக்கிறது. அதை அவள் தூக்கிப்போட்டிருப்பாள் என்று நான் ஏன் நம்பிக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. எதையும் தூக்கிப்போடுகிறவள் இல்லை அவள். கட்டுரை அச்சில் வந்த அன்றைக்கே கார்பனோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறாள், தான் அடித்ததில் அச்சாபீஸ்காரர்கள் தப்பு செய்திருக்கிறார்களா என்று. எல்லாவற்றையும் எப்போதும் அப்படிப் பார்ப்பாளாம். எனக்கு அதுவும் தெரியாது.

"அப்பவே என்கிட்ட கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

நான் கார்பன் தாளைத் திருப்பிப் பார்த்தேன்.

"டைப்பிங் மிஸ்டேக்குன்னு சொல்லியிருப்பீங்க" என்றாள். "அத என் காதால கேக்க வேணாம்னுதான் கேக்கல. கடைசியில கேட்டுட்டேன்."

உன் முன்னால் அந்தத் தப்பை ஏன் ஒத்துக்கொண்டாள் என்று கேட்டேன். ஊருக்குப் போகிற பிள்ளை அப்பா முகத்தை அந்த மாதிரிப் பார்த்துவிட்டுப் போக வேண்டாம் என்று நினைத்தாளாம். அதைச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள். பொறியியல் படிக்கிற பையன்களின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து என்னோடு சாதாரணமாகத்தான் பேசுகிறாள், காப்பி தருகிறாள், மாத்திரை போட்டாயிற்றா என்று கேட்கிறாள். கோபித்துக்கொண்டு அவள் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தால் நான் போய் அழைத்து வந்திருப்பேன், ஏதோ செய்தோம் என்று இருந்திருக்கும்.

கல்யாணத்துக்கு முன்னால் அப்பா ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு அந்த யோக்கியதை இல்லை, இருந்தாலும் ஒன்று. உன் புத்தகத்தில் இருக்கிற வரைபடங்கள் பன்னிரண்டும் அந்தப் பெண் வரைந்தவை என்று நீயே சொன்னாய். புரூஃபில் அவள் பெயரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தேடினேன். இல்லை. மறந்திருப்பாய். எனக்கும் ஆரம்பத்தில் மறதிதான். முதல் மூன்று கட்டுரைகளில் உன் அம்மாவுக்கு ஒரு வரி நன்றி போட மறந்தேன், நாலாவதில் அவளைக் கேட்காமலே அவள் அடித்த பக்கத்தில் கை வைத்தேன், கடைசியில் பிழையை அவள் தலையில் கட்டினேன். ஒவ்வொன்றுக்கும் நடுவில் வருஷக்கணக்கில் நல்லபடியாகத்தான் குடும்பம் நடத்தினோம். அதனால்தான் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போனதே எனக்குத் தெரியவில்லை.

அடிக்குறிப்பை எடுத்தால் மட்டும் போதாது, அந்த இடத்தில் என்ன போட வேண்டும் என்பதை எழுதித் தருகிறேன், அப்படியே போடு. 'இவ்வடிவம் எந்த மொழியிலும் பதிவாகவில்லை. தட்டச்சுப் பிரதியில் சரியாக இருந்த நட்சத்திரக் குறியைக் கட்டுரையாசிரியர் தெரிந்தே அழித்தார்.' இதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். பதவிக்காக, இளமையில், சூழ்நிலையால் என்றெல்லாம் பூசி மெழுகாதே. கார்பன் பிரதியின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். அசல் அவளுடையது, கேட்டேன், தர மாட்டேன் என்றாள். அகராதிக்காரர்களுக்கும் நானே எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன், ஆகவே என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து நீ எதையும் மாற்ற முடியாது. பொய்யனின் மகன் என்று உன்னையும் நாலு பேர் சொல்வார்கள். அதற்கு வருத்தப்படுகிறேன். உனக்கு என்மேல் வருகிற கோபம் நியாயம், ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு வந்த நிம்மதியையும் கொஞ்சம் நினைத்துப் பார்.

நேற்று மத்தியானம் சாப்பிட வந்தவளிடம் இந்தக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பதைச் சொன்னேன். மனசுக்குள் ஏதோ எதிர்பார்த்தேன், அவள் கண் கலங்குவாள், போகட்டும் விடுங்கள் என்பாள் என்று. "எழுதுங்க" என்றாள். சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "அவன்கிட்ட நான் பொய் சொன்னதையும் எழுதிடுங்க. பொறந்ததுலேர்ந்து அவன்கிட்ட நான் பொய் சொன்னதில்ல. அது தெரியாமயே அவன் இருக்கக் கூடாது" என்றாள். எழுதிவிட்டேன். முப்பது வருஷத்தில் அவள் என்னிடம் ஒரு வரி எழுதச் சொன்னது இதுதான் முதல் தடவை.

வாராவாரம் நீ ஃபோன் செய்கிறாய். நான்தான் முதலில் எடுப்பேன், அரைமணி நேரம் நாம் இரண்டு பேரும் வேர்களைப் பற்றிப் பேசுவோம், கடைசி இரண்டு நிமிஷம் அவளிடம் கொடுப்பேன், சாப்பிட்டியா என்பாள், வைத்துவிடுவாய். இனிமேல் அவளுடைய கடைக்குச் செய். வீட்டுக்குச் செய்து நான் எடுத்தால் வைத்துவிடு.

அப்பா